அப்பாவின் கால் அளவு

அப்பாவின் கால் அளவு எட்டு. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் போட்ட சப்பாத்தெல்லாம் ஒன்பது. வேலைக்குப் போட்ட கறுப்புச் சப்பாத்து ஒன்பது. என் திருமணத்துக்கு வாங்கியது ஒன்பது. சனிக்கிழமை காலையில் காரின் பின்பக்கம் ஏறும் கோல்ஃப் சப்பாத்தும் ஒன்பதுதான். கேட்டால், "எட்டு போட்டா ரெண்டு பக்கமும் கடிக்குதும்மா" என்பார். கடைக்காரர்களும் மறுபேச்சு இல்லாமல் ஒரு எண் பெரியதாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த ஒரு எண் வித்தியாசம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சென்ற ஆண்டு அவருடைய வலது குதிகால் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

கோல்ஃப் என்றதும் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். பணக்காரர்கள் விளையாட்டு ஆயிற்றே என்று. அப்பா பணக்காரர் இல்லை. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். கோலாலம்பூரின் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பல தோட்டங்களின் பக்கத்திலும் அவர்களுக்கென்று ஒரு கிளப்பும், சின்னத் திடலும் இருந்தன. அப்பா பன்னிரண்டு வயதில் சனி, ஞாயிறுகளில் அப்படி ஒரு ஒன்பது குழித் திடலில் துரைமாரின் பையைச் சுமந்திருக்கிறார். அந்த வேலைக்குக் 'கேடி' என்று பெயர். "நான் அந்தக் காலத்துல கேடி" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லும்போது, அவர்கள் விழிப்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வரும்.

பை சுமந்தது வெறுங்காலோடு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளைச் சப்பாத்து இருந்தது. அது தேய்ந்துவிடும் என்று பள்ளி விட்டதும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்களாம். ஆட்டம் முடிந்ததும் துரையின் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் இரும்பு முள்களுக்கு நடுவே அடைத்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பதும் கேடியின் வேலை. அதனால் கோல்ஃப் சப்பாத்தின் அடிப்பாகம் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். உள்பாகம் தெரிவதற்கு நாற்பது வயது ஆயிற்று.

அரசாங்க வேலையில் நிலைத்து, எங்களைப் படிக்க வைத்து, கடன் எல்லாம் ஓரளவு தீர்ந்த பிறகு, அலுவலக நண்பர் ஒருவரிடம் பழைய கோல்ஃப் மட்டைகளை மலிவாக வாங்கினார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை அவருடையது. மொத்தம் நான்கு பேர். ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், இரும்புக் கடை தௌக்கே ஒருவர், அப்பாவோடு வேலை பார்த்த நம்மவர் ஒருவர், அப்பா. மலாய் மொழியில் 'காக்கி' என்றால் கால். ஆனால் 'கோல்ஃப் காக்கி' என்றால் சேர்ந்து விளையாடும் கூட்டாளி. காலுக்கும் கூட்டாளிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்களே என்று நான் முன்பு நினைத்ததில்லை. அப்பாவின் ஒரு காக்கி வலித்ததும் மூன்று காக்கிகளும் தூரமாகப் போனபோது நினைக்க வேண்டி வந்தது.

முதல் அடி

வலி எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில், குதிகாலில் ஆணி இறங்கியதுபோல ஒரு குத்து. பத்து அடி நடந்தால் குறையும். மதியம் தெரியாது. உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வரும். இதைப் பற்றி ஒரு முறை என் காலை நேர வானொலி நிகழ்ச்சியில் பேசினோம். அன்று வந்த அழைப்புகளில் ஆசிரியைகள், பாதுகாவலர்கள், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்கள், சமையலறையே கதி என்றிருக்கும் அம்மாமார்கள் என எல்லோரும் அதே முதல் அடியைப் பற்றித்தான் சொன்னார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் அப்பாவின் குதிகாலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பா "ஆ" என்றார். அதற்குமேல் பெரிய சோதனை தேவைப்படவில்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரைக்கும் விசிறிபோல் விரியும் ஒரு தடித்த நார்ப்பட்டை நம் பாதத்தில் இருக்கிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். அந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் தேய்ந்து நோகும்போது வருவதுதான் இந்த வலி. ஆங்கிலத்தில் பிளாண்டர் ஃபாஸியைட்டிஸ் என்பார்கள். இரவு முழுவதும் சுருங்கிக் கிடக்கும் பட்டை, முதல் அடியில் திடீரென்று இழுபடுகிறது. அதனால்தான் காலையில் அவ்வளவு குத்து.

"எக்ஸ்ரேயில முள்ளு தெரியுமா டாக்டர்?" என்று அப்பா கேட்டார். தெரிந்தாலும் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்றார் டாக்டர். குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.

ஏன் வலது கால் மட்டும்? இதற்குப் பதில் கோல்ஃபில் இருந்தது. வலது கை ஆட்டக்காரர் பந்தை அடித்து முடிக்கும்போது உடல் இடது பக்கம் திரும்புகிறது. எடை முழுக்க இடது காலுக்குப் போகிறது. வலது குதிகால் தரையை விட்டுத் தூக்கி, விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. விரல் மடங்கினால் அந்த நார்ப்பட்டை இறுகும். ஒரு ஆட்டத்தில் பயிற்சி அடிகளையும் சேர்த்தால் இது எத்தனையோ முறை நடக்கிறது. இதற்கிடையில் பதினெட்டு குழிக்கும் நடந்தால் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் வரை ஆகும். நான்கு ஐந்து மணி நேரம், ஏற்ற இறக்கம், பனி ஈரம் காயாத புல்.

டாக்டர் அடுத்துச் செய்ததுதான் எனக்குக் கவலையைத் தந்தது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தின் பல இடங்களில் வைத்து அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. "தொடுறப்ப சொல்லுங்க அங்கிள்." வலது கால் பெருவிரலின் அடியில் டாக்டர் தொட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் தொட்டார். அப்பா காத்துக்கொண்டே இருந்தார்.

பெரியப்பாவின் செருப்பு

அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். நம் வீடுகளில் இது புதிய செய்தியே இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. வலி ஒரு தொல்லைதான். ஆனால் வலி தெரியாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இதை எங்கள் குடும்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரியப்பாவுக்குப் புதுச் செருப்பின் வார் சிறுவிரலில் உராய்ந்து ஒரு கொப்புளம் வந்தது. அவருக்கு அது வலிக்கவில்லை. வலிக்காததால் பார்க்கவில்லை. பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. எல்லாம் ஒரே ஆண்டில். அந்தச் செருப்பைப் பெரியம்மா வெகுநாள் வாசலிலேயே வைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் அப்பாவுக்குக் கோல்ஃப் சப்பாத்து வாங்குவது எங்களுக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை. சப்பாத்து இறுக்கினால் கொப்புளம். தொளதொளவென்று இருந்தால் உராய்வு, அதுவும் கொப்புளம்தான். சரி, விளையாட்டையே விட்டுவிடலாமே என்றால் அதையும் இரண்டு மாதம் பார்த்துவிட்டோம். அப்பா சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். நண்பர்கள் அழைத்தால் "கால் சரியில்ல" என்று சுருக்கமாக வைத்துவிடுவார். நடை நின்றது, பேச்சு குறைந்தது, சர்க்கரை ஏறியது. டாக்டரே சொன்னார்: "நடக்கணும் அங்கிள். ஆனா சரியான சப்பாத்து போட்டு நடங்க."

காகிதத்தில் ஒரு கால்

நாங்கள் போன கடையில் இருந்தது ஒரு சீன இளைஞர். அவர் முதலில் எந்தச் சப்பாத்தையும் எடுக்கவில்லை. அப்பாவைக் காலுறையோடு நிற்க வைத்து, உலோகத்தால் செய்த அளவுப் பலகை ஒன்றில் பாதத்தை வைக்கச் சொன்னார். அமெரிக்காவின் சார்ல்ஸ் பிரானாக் 1920களில் உருவாக்கிய கருவி அது. அது மூன்று அளவுகளைச் சொல்லும்: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம், பாதத்தின் அகலம்.

"அங்கிள், காக்கி லேபார்" என்றார். அகலமான கால்.

நீளம் எட்டுதான். ஆனால் எட்டாம் எண்ணின் வழக்கமான அகலத்தில் அப்பாவின் முன்பாதம் அடங்காது. சப்பாத்து இல்லாமல் வளர்ந்தவர்களின் கால் இப்படித்தான் இருக்கும். விரல்கள் நெருக்கப்படாமல் விசிறிபோல் விரிந்து வளர்ந்திருக்கும். அகலம் போதாததால் அப்பா நீளத்தை வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு எண் கூடினால் நீளம் ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் கூடும். பக்கவாட்டில் கிடைப்பதோ கொஞ்சம்தான். விளைவு? சப்பாத்து மடங்கும் இடமும் விரல் மடங்கும் இடமும் ஒன்றாக இல்லை. பாத வளைவைத் தாங்க வேண்டிய மேடு தப்பான இடத்தில் இருந்தது. இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி நகம் இடித்தது. குதிகால் ஒவ்வொரு அடியிலும் மேலே எழும்பி உராய்ந்தது.

சப்பாத்தில் அகலத்துக்கும் தனி அளவு உண்டு என்பதை அப்பா அன்றுதான் கேள்விப்பட்டார். அமெரிக்க முறையில் ஆண்களுக்கு 'டி' வழக்கமான அகலம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். "ரெண்டு ஈ போதுமா, நாலு ஈ வேணுமா?" என்று அப்பா கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தின் நாக்கில் அச்சிட்டிருந்த சின்ன எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளா என் கால்தான் கோணல்னு நெனச்சேன்" என்றார்.

எல்லாக் கடையிலும் அந்தப் பலகை இருக்காது. வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஒன்றை அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்தார். மாலையில், நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், காகிதத்தில் எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் வரைய வேண்டும். உட்கார்ந்து வரைந்தால் கால் விரியாது, அளவு குறைவாகக் காட்டும். கடையில் சப்பாத்தின் உள் அட்டையை வெளியே எடுத்து அந்தப் படத்தின்மேல் வைக்க வேண்டும். பாதத்தின் கோடு அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு இல்லை, விலை எவ்வளவு குறைத்திருந்தாலும். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

மடக்கு, முறுக்கு, அழுத்து

குதிகால் வலி உள்ளவர்கள் கடையில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகளை அன்று கற்றுக்கொண்டோம். சப்பாத்தை இரண்டு கையாலும் மடக்கிப் பார்க்க வேண்டும்: விரல் மூட்டு வரும் இடத்தில் மடங்கலாம், நடுவில் மடங்கக்கூடாது. துண்டு பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்க வேண்டும்: எளிதில் முறுகினால் அது பாதத்தைத் தாங்காது. குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும்: அமுங்காமல் உறுதியாக நிற்க வேண்டும். மெத்துமெத்தென்று இருப்பது கடையில் சுகமாகத்தான் இருக்கும். நான்கு மணி நேரம் கழித்துத் தாங்குவது உறுதிதான். உள் அட்டையைக் கழற்ற முடிவதும் முக்கியம். பின்னால் டாக்டர் தனியாக ஓர் அட்டை வைக்கச் சொன்னால் இடம் வேண்டுமே.

அடுத்த கேள்வி முள்ளா, முள் இல்லாததா? அப்பா சிறுவயதில் நோண்டிய இரும்பு முள்கள் இப்போது பெரும்பாலும் இல்லை. பச்சைத் தரையைக் குத்திக் கிழிப்பதால் 1990களில் அவற்றின் இடத்துக்கு மென்மையான பிளாஸ்டிக் முள்கள் வந்தன. பிறகு முள்ளே இல்லாமல், அடியில் ரப்பர் புடைப்புகள் மட்டும் கொண்டவை வந்தன. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஃபிரெட் கப்பிள்ஸ் அப்படி ஒரு சப்பாத்தோடு ஆடிய பிறகு அவை வெகுவாகப் பரவின. பக்கி ஓடும் சிமெண்டுப் பாதையில் நடக்கும்போது அவை குதிகாலுக்கு இதம். ஆனால் ஈரச் சரிவில் முள்ளின் பிடிப்பு கூடுதல். உணர்ச்சி குறைந்த காலோடு வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? அப்பா விளையாடும் திடல் பெரும்பாலும் சமதரை என்பதால், ஆழமான புடைப்புகள் கொண்ட முள் இல்லாத சப்பாத்தை எடுத்தோம். மழை பெய்த திடலில் நடப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தனிக் கணக்கு உண்டு. தண்ணீர் புகாத சப்பாத்து வியர்வையையும் வெளியே விடாது. ஊறிய தோலில் கொப்புளம் சீக்கிரம் வரும். அதனால் அப்பாவின் பையில் இப்போது இன்னொரு சோடிக் காலுறை இருக்கும். ஒன்பதாவது குழி முடிந்ததும் மாற்றிக்கொள்வார். இன்னொன்று: பெட்டியிலேயே பத்திரமாக வைத்த சப்பாத்தின் அடிப்பாகம் ஒரு நாள் கேக்போல உதிர்ந்து விழுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சிதைவதால் வருவது அது. போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும். பாதி விலையில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்கும் முன் அடிப்பாகத்தை நன்றாக அழுத்திப் பாருங்கள். காரின் பின்பெட்டிச் சூட்டில் சப்பாத்தைக் குடிவைக்காதீர்கள்.

விலை 389 ரிங்கிட். அப்பா ஒரு முறை சப்பாத்தைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். "வேண்டாம்மா, பழசே இருக்கு" என்று தொடங்கியவரிடம் நான் டைகர் உட்ஸ் கதையைச் சொன்னேன். 2021இல் கார் விபத்தில் வலது கால் நொறுங்கி, கம்பியும் திருகாணியும் வைத்துச் சேர்த்த பிறகு, 2022 மாஸ்டர்ஸில் அவர் களமிறங்கினார். எத்தனையோ ஆண்டுகளாகத் தன் பெயரில் சப்பாத்து விற்ற நைக்கியை விட்டுவிட்டு, அன்று ஃபுட்ஜாய் அணிந்து வந்தார். கால் கேட்டதைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பாதியில் விலகினார். காரணம், அப்பாவுக்கு இருக்கும் அதே பிளாண்டர் ஃபாஸியைட்டிஸ்.

"டைகருக்குமா?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

சப்பாத்து செய்யாத வேலை

சப்பாத்து வலியைக் குணப்படுத்தாது. மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மற்ற வேலையை அப்பாதான் செய்ய வேண்டியிருந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மறு முழங்காலின்மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பத்து வினாடி பிடிப்பார். அப்படிப் பத்து முறை. பிறகு சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவார். உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தில் உருட்டலாம் என்று பலர் சொல்வார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு ஐஸும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் போடும் செருப்புதான் பெரிய போராட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாள் முழுவதும் கல்போன்ற தரையில் வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம். குதிகால் வலிக்கு அது ஆகாது. "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அம்மா முகம் சுளித்தார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. வெளியே கால் வைக்காத புதுச் செருப்பு, சாமி அறை வாசல் வரை. உள்ளே வெறுங்கால்.

புதுச் சப்பாத்தை முதல் வாரம் வீட்டில்தான் போட்டார், நாளுக்கு ஒரு மணி நேரம். கழற்றியதும் நான் பாதத்தைப் பார்ப்பேன்; சிவந்திருக்கிறதா, எங்கே அழுத்தம் என்று. முதல் நாள் அவருக்குக் கூச்சம். மகள் முன்னால் காலை நீட்டுவதா என்று இழுத்துக்கொண்டார். என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வார் கட்டிவிட்ட கை அது. "காட்டுங்கப்பா" என்றேன். காட்டினார். இப்போது இரவு தூங்கும் முன் அவரே கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கிறார். சப்பாத்துக்குள் கைவிட்டு, கல்லோ மண்ணோ இருக்கிறதா என்று தடவிய பிறகுதான் அணிகிறார். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானால், வலி இல்லாவிட்டாலும் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக மிஞ்சியது பக்கி. அப்பா அதில் ஏறுவதை அவமானமாகவே நினைத்தார். "அப்ப இன்னொருத்தர் பையத் தூக்கிட்டு நடந்தேன். இப்ப என் பையோட நான் நடக்கிறேன். அதுலதான்மா ருசி" என்பார். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் எடுத்த நம்மவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் குரலே மாறும். அப்படிப்பட்டவரிடம் வண்டியில் போங்கள் என்று எப்படிச் சொல்வது?

அவரிடம் கேசி மார்ட்டினைப் பற்றிச் சொன்னேன். வலது காலில் இரத்த ஓட்டக் கோளாறோடு பிறந்த அமெரிக்க ஆட்டக்காரர். நடந்தே ஆட வேண்டும் என்ற விதியால் போட்டியில் கலந்துகொள்ள முடியாமல் வழக்குப் போட்டார். 2001ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் வண்டியில் போவதால் ஆட்டத்தின் அடிப்படை மாறிவிடாது என்றது. அப்பா கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அடுத்த சனிக்கிழமை முதல் ஒன்பது குழியும் நடந்தார். பின் ஒன்பதுக்கு மலாய் ஆசிரியரின் பக்கியில் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "வாத்தியார் வண்டி ரொம்ப வேகமா ஓட்டுறார்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மாதம் ஆயிற்று. காலைக் குத்து முழுவதும் போகவில்லை. பத்தில் எட்டாக இருந்தது இரண்டாகியிருக்கிறது என்கிறார். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. பெருவிரலின் உணர்ச்சி திரும்பவில்லை. அது திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் கண்ணாடி.

போன வாரம் மாலை வேலை முடிந்து வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் மளிகைக் கடை மாதக் காலண்டரின் பின்பக்கத்தின்மேல் அப்பாவின் தோட்டத்து நண்பர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா தரையில் உட்கார்ந்து பென்சிலால் அவர் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நண்பர் இத்தனை ஆண்டும் போட்டது பத்தாம் எண்ணாம். கோட்டை முடித்துவிட்டு அப்பா காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"யோவ், உனக்கு ஒன்பதுதான்யா" என்றார். "அகலம்தான் வேணும். நம்ம கால் அப்படி."